கேட்டால்தான் சோறு

அந்த எவர்சில்வர் கரண்டி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீளமான காம்பு, கை அகலத்துக்குக் குழிந்த வாய். மில் கேன்டீனில் அண்டாவுக்குள் போய்ச் சோற்றை அள்ளிக்கொண்டு மேலே வரும். வந்து, தட்டில் விழாமல், தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் அப்படியே நிற்கும். சோற்றில் ஆவி பறந்துகொண்டிருக்கும். கரண்டியைப் பிடித்திருப்பவர் சமையல்காரர் அல்ல. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் பையில் பேனாவுமாக நிற்கிற வெல்ஃபேர் ஆபீசர். தொழிலாளர்களின் நலனைப் பார்த்துக்கொள்வதற்கென்றே சம்பளம் வாங்கியவர். என் அப்பாவுடன் பிறந்த அண்ணன், என் பெரியப்பா. கீழே தட்டை நீட்டியபடி ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை நின்றுகொண்டிருப்பாள். பெரியப்பா சிரித்த முகமாகத்தான் இருப்பார். “சோறுன்னு சொல்லு” என்பார். வரிசை பின்னால் நீண்டுகொண்டே போகும். யாராவது, போடுங்க சார், ஷிப்டுக்கு நேரமாகுது என்றால் திரும்பாமலே பதில் சொல்வார். “கேக்கட்டும், தாரேன்.”

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில், டவுன் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த நூற்பாலை. அங்கே டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்தேன். வேலை வாங்கித் தந்தவரே பெரியப்பா என்பதால் அவரைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது என்று எங்கள் சொந்தத்தில் பலருக்கு அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நான் சேர்ந்த புதிதில் சுற்றுப்பட்டிப் பெண்கள்தான் மில்லுக்கு வந்தார்கள். ரெட்டியபட்டிப் பக்கமிருந்தும் வீரசோழன் பக்கமிருந்தும் மில் பஸ் அவர்களை அள்ளிக்கொண்டு வரும். பிறகு அந்தப் பெண்களின் பிள்ளைகள் படித்தார்கள். படித்த பிள்ளைகள் பஞ்சுத் தூசிக்குள் வர மாட்டோம் என்றார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மிஷின்கள் ஓட வேண்டுமே. ஏஜெண்டுகள் போய் ஒடிசாவிலும் பீகாரிலும் ஜார்கண்டிலும் இருந்து ஆட்களை ரயிலேற்றிக் கூட்டி வந்தார்கள். மில்லுக்குப் பின்னால் ஹாஸ்டல் எழுந்தது. இந்தி பேசுகிறவர்கள், ஒடியா பேசுகிறவர்கள், இரண்டும் இல்லாமல் தங்கள் மலைக் கிராமத்துப் பாஷையை மட்டும் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே சுவருக்குள் வந்து சேர்ந்தார்கள். இந்த வறண்ட பூமியைத் தேடியும் பிழைக்க வருவார்களா என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம். ஆச்சரியம் அடங்கியதும் எரிச்சல் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வடக்கேயிருந்து வந்து இந்தக் கரிசலில் பருத்தியும் கம்பும் விதைத்தவர்கள் எங்கள் ஆட்கள். எழுதப் படிக்கத் தெரியாத தெலுங்கு. பாதிக்குப் பாதி தமிழ் கலந்தது. ஆந்திராக்காரர் கேட்டால் சிரித்துவிடுவார். ஆனாலும் மாட்டை ஓட்டுவதும் பிள்ளையைக் கொஞ்சுவதும் இழவு வீட்டில் அழுவதும் அதில்தான். வாசலைத் தாண்டினால் தமிழ். தமிழில்தான் படித்தோம், தமிழில்தான் கனவு காண்கிறோம், தமிழ் உங்களுக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவோம். எங்கள் முன்னோர் இந்தப் பக்கம் வந்து இறங்கியபோது, எங்கள் பேச்சைப் பேசினால்தான் கஞ்சி என்று யாரும் அவர்களிடம் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சின்ன வயதில் நாங்கள் அவரைப் பெத்தய்யா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் தெலுங்கில் பெரியப்பாவுக்கு அதுதான் பெயர். மில்லில் ஆபீசரான பிறகு எங்களையெல்லாம் கூட்டி நிறுத்தி, இனிமேல் பெரியப்பா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். தன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை தெலுங்கு பேசியதில்லை. பெரியம்மாவையும் பேச விட்டதில்லை. பெரியம்மா அடுப்படியில் தனியாக இருக்கும்போது பாத்திரங்களோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு அப்பா ஒரு காரணம் சொல்வார். அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பெரியப்பாவின் தமிழில் வீட்டு வாசனை அடித்திருக்கிறது. வகுப்பில் அவர் எழுந்து பேசினால் பையன்கள் அதே இழுவையில் திருப்பிச் சொல்லிக் காட்டுவார்களாம். வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பாராம். அந்தச் சிரிப்பை அடக்குவதற்காக அவர் தமிழை வெறிகொண்டு படித்தார். செய்யுள்களை மனப்பாடம் செய்தார். பொங்கல் மேடைகளில் அடுக்குமொழியில் முழங்கினார். அவமானப்பட்டவர்கள் இரக்கமுள்ளவர்களாக ஆவார்கள் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. சிரித்த கூட்டத்தில் எப்படியாவது ஓர் இடம் பிடித்துவிட வேண்டும் என்றுதான் அவர் ஓடினார். பிடித்தும் விட்டார்.

மில்லில் ஒரு பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். பல தேசத்து ஜனங்கள் வந்து குடியேறுகிற நாட்டுக்கு ஒரே ஆட்சிமொழி வேண்டுமா, வேண்டாமா என்பது தலைப்பு. தலைப்பைக் கொடுத்தவர் பெரியப்பா. வேண்டும் என்ற அணிக்குத் தலைவரும் அவரே. “வந்த வீட்டின் பேச்சைப் படிக்காதவன் விருந்தாளி அல்லன், ஆக்கிரமிப்பாளன்” என்று அவர் சொன்னபோது பந்தல் அதிர்ந்தது. வேண்டாம் என்ற அணியில் பேசிய ஃபிட்டர், எல்லாருக்கும் பசி ஒன்றுதானே என்று ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் மணியடித்துவிட்டார்கள். வெற்றி பெரியப்பா அணிக்கு. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வடநாட்டுப் பிள்ளைகள்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த ஜெனரல் மேனேஜருக்கும் தெரியாது. அவரும் வடக்கேயிருந்து வந்தவர்தான். வருஷக்கணக்காக இங்கே இருந்தும் வணக்கம் என்பதைத் தவிர வேறு எதையும் படிக்காதவர். மேடையேறி அந்த வணக்கத்தைச் சொன்னார். பெரியப்பா நெகிழ்ந்துபோய் அவரைப் பாராட்டினார், அதுவும் இந்தியில். மேனேஜரிடம் பேசுவதற்கென்றே புத்தகம் வாங்கி வைத்து வீட்டில் இந்தி படித்தவர் அவர்.

அந்த வெற்றி தலைக்கேறித்தான் கேன்டீன் வழக்கம் தொடங்கியது. சாப்பாட்டைச் சோதித்துப் பார்ப்பது வெல்ஃபேர் ஆபீசரின் வேலைகளில் ஒன்று. சோதிக்கப் போனவர் சமையல்காரரிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். சோறு என்று சொன்னால் சோறு. குழம்பு என்று சொன்னால் குழம்பு. போதும் என்று சொல்கிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார். முதலில் எல்லாருக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பீகார்ப் பையன் ஒருவன் நான் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, சோறு பெரியப்பா, குழம்பு பெரியப்பா என்று ராகம் போட்டான். அவனுக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. உள்ளூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கவே முன்னதாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள். யாராவது தப்பாகச் சொன்னால் கேன்டீனே சிரித்தது. அந்தச் சிரிப்பை எங்கோ கேட்டிருக்கிறோம் என்று பெரியப்பாவுக்குத் தோன்றவே இல்லை.

ஒடிசாப் பிள்ளை மட்டும் சொல்ல மாட்டாள். கரண்டியைப் பார்ப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள், உதட்டை இறுக மூடிக்கொள்வாள். பிறகு தட்டைக் கவிழ்த்து மேடைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்குத் தமிழ் ஏறவில்லை என்று பெரியப்பா நினைத்தார். மில்லில் எல்லாரையும்விட வேகமாகத் தமிழ் பழகியவள் அவள்தான் என்பது எனக்குத் தெரியும். டிஸ்பென்சரிக்கு வந்தால், தலை வலிக்கி அக்கா, மாத்திரை தாங்க என்று எங்கள் ஊர்ப் பேச்சே பேசுவாள். அறுந்த நூலை ஒட்டுவதற்கும் பஞ்சை மாற்றுவதற்கும் மேஸ்திரி போடுகிற சத்தத்தைப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்பவளே அவள்தான். இவ்வளவு பேசுகிறாய், அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சாப்பிடக் கூடாதா என்று நான் கேட்டேன்.

“வேலைக்குப் பேசுவேன் அக்கா. சோத்துக்குப் பேச மாட்டேன்” என்றாள். பிறகு, “எங்க ஊருல நாய்க்குத்தான் அப்படிக் காட்டிக் காட்டிப் போடுவாங்க” என்றாள்.

நான் நேராகப் பெரியப்பாவின் அறைக்குப் போனேன். அந்தப் பிள்ளை மத்தியானம் பட்டினி கிடக்கிறாள், ஹாஸ்டலில் காலையில் கொடுக்கிற உப்புமாவோடு சாயங்காலம் வரைக்கும் மிஷின் முன்னால் நிற்கிறாள், இது நல்லதற்கில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். “ஒரு வார்த்தை தாயி. ஒரே வார்த்தை. சொன்னான்னா அண்டாவே அவளுக்குத்தான்” என்றார். அவளுக்கு அது தெரியும் பெரியப்பா, சொல்லத்தான் இஷ்டமில்லை என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “தெரிஞ்சும் சொல்லலைன்னா அது திமிரு” என்றார். தெரியாவிட்டால் பட்டினி போட்டுப் படிக்க வைக்க வேண்டும். தெரிந்திருந்தால் பட்டினி போட்டுப் பணிய வைக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் கரண்டி கீழே இறங்காது. இவர் கேட்பது தமிழை அல்ல என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன்பிறகு நான் டிபன் பாக்ஸில் இரண்டு ஆளுக்குச் சோறு கொண்டுபோனேன். டிஸ்பென்சரியில் கட்டிலை மறைக்கிற பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். என்ன வேண்டும் என்று நான் கேட்டதில்லை. அவளும் எதையும் கேட்டதில்லை. ரசத்தை மட்டும் ரசித்துக் குடிப்பாள். ஆனால் எனக்கும் குடும்பம் உண்டு. என் கொழுந்தன் கல்யாணத்துக்காக நான் லீவு போட்டிருந்த சமயத்தில் அவள் கடைப் பன்னைத் தின்றுகொண்டு வேலை பார்த்திருக்கிறாள். ஒரு மத்தியானம் மிஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். இரும்பு விளிம்பில் நெற்றி மோதிப் பிளந்துவிட்டது. அருப்புக்கோட்டைக்குத் தூக்கிப்போய்த் தையல் போட்டார்கள். நான் திரும்பி வந்தபோது விசாரணையும் முடிந்திருந்தது. பாஷை புரியாததால் பாதுகாப்பு விதிகள் தெரியாமல் நடந்த விபத்து என்று பெரியப்பா மேனேஜரிடம் சொல்லியிருந்தார். இனி வடநாட்டுத் தொழிலாளர்கள் எல்லாரும் ஷிப்டு முடிந்ததும் கட்டாயம் தமிழ் வகுப்பில் உட்கார வேண்டும் என்று உத்தரவும் வாங்கியிருந்தார். பசியில் விழுந்தவளைப் பாஷையில் விழுந்தவளாக ஆக்கிவிட்டார். கேன்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். சொந்தக்காரருக்கே குழி பறிக்கிறாள் என்ற பெயர்தான் எனக்குக் கிடைத்தது.

தையல் பிரிப்பதற்கு முன்னாலேயே அவளும் அவள் ஊர்ப் பிள்ளைகளும் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். விருதுநகருக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் டிஸ்பென்சரி வாசலுக்கு வந்து நின்றாள். எங்கள் ஊரில் கிளம்புகிறவர்கள் போறேன் என்று சொல்ல மாட்டார்கள். அந்த மரியாதை வரைக்கும் கற்றுக்கொண்டிருந்தாள். “வாரேன் அக்கா” என்றாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

எனக்கும் இதில் அபிப்பிராயம் உண்டு. திருச்சுழியில் ஒரு பாங்கு கவுண்டரில், கரிசல் காட்டில் உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவர், உள்ளே இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாததால் கையை ஆட்டி ஆட்டிப் பேசிவிட்டுக் காரியம் ஆகாமல் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் பெரியப்பாவின் கோபத்துக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. இந்த மண்ணில் ஆபீஸ் நடத்துகிறவர் இந்த மண்ணின் பேச்சில் பதில் சொல்லத்தான் வேண்டும். மருந்துச் சீட்டும் கோர்ட்டுத் தீர்ப்பும் ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில்தான் இருக்க வேண்டும். ஆட்சிமொழி வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அது நாற்காலியில் இருக்கிறவருக்குப் போடுகிற கட்டளை. தட்டை ஏந்தி நிற்கிறவருக்குப் போடுகிற கட்டளை அல்ல. நடப்பது என்னவோ தலைகீழாக இருக்கிறது. பாங்கு அதிகாரி படிக்க வேண்டியதில்லை, மேனேஜர் படிக்க வேண்டியதில்லை. பஞ்சுத் தூசியில் நிற்கிற பிள்ளைதான் படிக்க வேண்டும். மேலே இருக்கிறவனிடம் நாம் அவன் பாஷையில் குழைகிறோம். கீழே இருக்கிறவளிடம் நம் பாஷையில் அதட்டுகிறோம். இதற்கு மொழிப்பற்று என்று ஒரு நல்ல பெயர் வேறு.

பெரியப்பாவின் மகன் படித்துவிட்டு ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்கு வேலைக்குப் போனான். அங்கேயே தங்க வேண்டும் என்றால் அந்த நாட்டுப் பாஷையில் பரீட்சை எழுத வேண்டும். தேறவில்லை. மறுபடி எழுதினான், மறுபடியும் தேறவில்லை. அப்போது பெரியப்பா பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். “எஞ்சினியருக்கு எதுக்குவே அவனுக பாஷை? கம்ப்யூட்டருக்குப் புரிஞ்சாப் போதாதா? ஈவு இரக்கம் இல்லாதவனுக” என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் பொருமினார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கேக்கட்டும் தாரேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இப்போது அருப்புக்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருடைய மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குறை சொல்ல முடியாத மகள். வேலையை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவரிடம் கூட்டிப் போனாள். வீட்டுப் பேச்சு என்ன என்று அவர் கேட்டதற்குத் தமிழ் என்று சொல்லியிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் உண்மை. அப்படியானால் எல்லாரும் தமிழிலேயே பேசுங்கள், வேறு பாஷை கலந்து குழப்பாதீர்கள், சாப்பாட்டை உடனே கொடுத்துவிடாமல் அதன் பெயரைச் சொல்ல வைத்துக் கொடுங்கள் என்று அவர் நல்லதுக்குத்தான் சொல்லி அனுப்பினார். அக்கா அதில் இம்மி பிசகுவதில்லை.

மாதங்கள் கழிந்து அவருக்குத் திரும்பி வந்த முதல் சொல் ஆகலி. எங்கள் தெலுங்கில் பசி என்று அர்த்தம். அப்பா என்னமோ உளறுகிறார் என்று அக்கா போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நான் திருச்சுழியிலிருந்து போய்ப் பார்த்தபோது, கம்பங்களியைக் கேட்கிறவராகச் சங்கட்டி, சங்கட்டி என்று முனகிக்கொண்டிருந்தார். பல வருஷம் படித்த செய்யுள் எல்லாம் போய்விட்டது. மேடைத் தமிழும் மேனேஜருக்காகப் படித்த இந்தியும் போய்விட்டன. அவர் வாசலுக்கு வெளியே துரத்திவிட்டது மட்டும் அடியில் கிடந்திருக்கிறது. நான் அக்காவிடம் விளக்கினேன். இது தெலுங்கு, அவர் சரியாகத்தான் பேசுகிறார், டாக்டரிடமும் பயிற்சிக்காரரிடமும் இதைச் சொல் என்று கெஞ்சினேன். அவள் நம்பவில்லை. “அப்பாவுக்கு ஏது தெலுங்கு? தமிழ்னா அவுகளுக்கு உசிரு. நீ சும்மா குழப்பாத பிள்ளை, அவுக தேறி வரணும்” என்றாள். சொல்லச் சொல்ல யாரும் காதில் வாங்காததால் அவரும் அந்தச் சொற்களை நிறுத்திவிட்டார்.

அக்கா மாடிக்குத் துணி எடுக்கப் போகிற நேரம் பார்த்து நான் அவர் காதருகே குனிந்து, பெத்தய்யா, ஆகலியா என்று கேட்பேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். வாய் தானாகத் திறக்கும். கிண்ணம் காலியாகும் வரைக்கும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார். பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு பிள்ளைக்குப் போட்ட மாதிரியே இவருக்கும் திருட்டுத்தனமாகத்தான் போட வேண்டியிருக்கிறது. பாவமாக இருக்கும். கூடவே, நல்லா வேணும் என்றும் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஊட்டுவேன். ஆனால் நான் வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

போன வாரம் நான் கிளம்பும்போது அவருக்குச் சாப்பாட்டு நேரம். அன்றைக்கு அக்கா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்தாள். கரண்டியில் அள்ளி அவர் வாய்க்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினாள். கஞ்சின்னு சொல்லுங்கப்பா என்றாள், அன்பாகத்தான். அவர் கரண்டியைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அந்த உதட்டை எனக்குத் தெரியும். காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லையே அக்கா, முதலில் ஊட்டிவிடு, பேச்சு பிறகு வரட்டும் என்றேன். ஆவி பறக்கிற கரண்டி அந்தரத்திலேயே நின்றது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“கேக்கட்டும், தாரேன்” என்றாள்.